அந்தரத்தில் ஒரு குழந்தை

விஜயகுமாரியைப் போன வாரம் லேப்டாப்பின் முன்னால் உட்காரவைத்துவிட்டு வந்தோம். பாவம், இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள். நமக்கு நடுவில் ஒரு வாரம் ஓடிவிட்டது. அவளுக்கு ஒரே ஒரு ராத்திரிதான் போயிருக்கிறது, அதுவும் தூக்கமில்லாமல்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். விஜயகுமாரி செங்கல்பட்டில் குடியிருக்கிறாள். வாரநாளில் அறிவியல் டீச்சர், ஞாயிற்றுக்கிழமையில் கேமராப் பைத்தியம். கணவன் தமிழ்வாணன், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் வேன்களின் முதலாளி. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் அவள் எடுத்த படமொன்று ஊர்ப் புகைப்படக் குழுவின் கண்காட்சிக்குத் தேர்வாகியிருந்தது. அதைத் துடைத்துத் துலக்கி இன்று இருட்டுவதற்குள் அனுப்பியாக வேண்டும்.

துடைத்துத் துலக்கத்தான் மகள் மானசா அம்மாவின் லேப்டாப்பில் இரண்டு சாஃப்ட்வேர்களை இறக்கிக் கொடுத்திருந்தாள். கொஞ்ச நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம், பிடித்ததை வாங்கிக்கொள்ளலாம். இரண்டின் பெயரும் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் அவற்றின் சின்னம் என்ன நிறமோ அதையே பெயராக வைத்துவிட்டார்கள். ஒன்று நீலம், இன்னொன்று ஆரஞ்சு.

அந்த நீலம்தான் வம்பை இழுத்துவிட்டது. லேப்டாப்பில் இருந்த படங்களையெல்லாம் துழாவி, முகங்களைப் பொறுக்கி, ஆளுக்கு ஒரு வட்டமாக அடுக்கியது. தமிழ்வாணனின் வட்டத்துக்குப் பக்கத்தில் மாசி மகப் படத்திலிருந்து ஒரு முகத்தை வெட்டி வைத்து, ‘இவரும் இவரும் ஒருவரா?’ என்று கேட்டது. அவள் ‘ஆம்’ அமுக்கினாள்.

மாசி மகத்தன்று தமிழ்வாணன் மாமல்லபுரத்துக்கு வரவில்லை. வேனை ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி.க்குக் காட்டி, ஓடத் தகுதிச் சான்று வாங்கப் போயிருந்தான். அப்படித்தான் சொல்லியிருந்தான்.

படத்தில் அவன் தோளில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது.

காலையில் விடிந்ததும் விஜயகுமாரி மறுபடி அந்தப் படத்தைத் திறந்தாள். முன்னால் ஒரு வயதான பெண் இரண்டு கையாலும் கடல்நீரை ஏந்தித் தன் தலையில் விட்டுக்கொள்கிறாள். அவளுக்காகத்தான் படமே. பின்னால் இடுப்பளவு தண்ணீரில் கூட்டம். கூட்டத்தின் ஓரத்தில், முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு, அவன்.

குழந்தைக்கு மொட்டைத் தலை, தலை முழுக்கச் சந்தனம். காதில் புதுத் தோடு. முடியிறக்கிக் காது குத்தி நேராகக் கடலுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். காது குத்துவது என்ன, கடையில் டீ குடிக்கிற மாதிரியா? பத்திரிகை அடிப்பார்கள், சொந்தக்காரர்கள் வருவார்கள், சாப்பாடு போடுவார்கள். அத்தனையும் அவளுக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது.

சட்டையைப் பார்த்தாள். வெளிர்ப் பச்சையில் கோடு போட்டது. அந்த வீட்டுத் துணியெல்லாம் அவள் கையால் மடித்து வைப்பது. இந்தச் சட்டை அதில் கிடையாது. அப்படியானால் வேறெங்கோ ஒரு பீரோ இருக்கிறது, அதில் வேறு சட்டைகள் இருக்கின்றன, அவற்றை மடித்து வைக்க வேறு ஒரு கை இருக்கிறது.

ஒரே ஒரு நம்பிக்கை பாக்கியிருந்தது. தமிழ்வாணனுக்குத் தாடையில் ஒரு தழும்பு உண்டு. பையனாக இருந்தபோது டிராக்டரிலிருந்து விழுந்து வாங்கியது. படத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கித் தாடையைத் தேடினாள். தழும்பு இல்லை.

அவர் இல்லை! அவள் எழுந்தே விட்டாள். எழுந்தவள், எதற்கும் இருக்கட்டும் என்று மானசாவின் பிறந்தநாள் படத்தைத் திறந்தாள். கேக்குக்குப் பின்னால் நின்று சிரிப்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தமிழ்வாணன். அதிலும் தழும்பு இல்லை. இன்னொரு படத்தைத் திறந்தாள். அதிலும் இல்லை.

ஆக, கேமராவுக்கு அந்தத் தழும்பு தெரிவதில்லை. விஜயகுமாரி பொத்தென்று உட்கார்ந்தாள்.

“இன்னா விஜி, முடிவு பண்ணிட்டியா? எது வாங்கப்போற?”

தமிழ்வாணன் வடைப் பொட்டலத்தோடு உள்ளே வந்தான். அவள் சட்டென்று படத்தை மூடினாள். திருடன் அவன், பதறியது இவள்.

“இன்னும் யோசிக்கலைங்க.”

“இதுல இன்னா யோசனை? ஆரஞ்சையே வாங்கு. ஒரு தபா துட்டு கட்டினா தீர்ந்துச்சு. நீலக்காரன் மாசாமாசம் கேப்பான்.”

“நீலத்துல வேலை சுத்தமா வருதுங்க.”

“இன்னா பெரிய சுத்தம்? வூட்ல கீற மூஞ்சியெல்லாம் புடிச்சி வட்டம் வட்டமா வெச்சிகினு கீது. அது எங்க போவுதோ, எவன் பாக்குறானோ. நமக்கு வாணாம்.”

வடையை எடுத்த அவள் கை அப்படியே நின்றது. அவளுடைய படங்களை அவன் நின்று பார்த்ததாகச் சரித்திரமே கிடையாது. அவனைப் பொறுத்தவரை ஃபோட்டோ என்றால் டிரைவர் லைசென்ஸில் ஒட்டியிருப்பது. அவனுக்கு நீலம் வட்டம் போடுவது எப்படித் தெரியும்?

“வட்டம் வைக்குதுன்னு யார் சொன்னா?”

“மானசாதான். வேற யாரு?” அவன் வடையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னான்.

“ஏங்க, மாசி மகத்தன்னைக்கு எஃப்.சி. நல்லபடியா முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது, முடிஞ்சுது. நாள் பூரா நிக்க வெச்சிட்டானுங்க. ஒரே பேஜாரு. இன்னாத்துக்கு இப்ப?”

“சும்மா.”

கல்யாணமாகிக் கொஞ்ச வருஷமாவது ஆன ஆண்களுக்குத் தெரியும், இந்த ‘சும்மா’ எவ்வளவு பொல்லாதது என்று. தமிழ்வாணனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவன் இன்னொரு வடை எடுக்கவில்லை.

கூடத்திலிருந்து மாமியார் பூவாயியின் குரல் வந்தது. “விஜி! எங்க கல்யாண ஃபோட்டோ இன்னா ஆச்சு? கறையெல்லாம் பூடுமா பூடாதா?”

அடுத்த மாதம் மாமனார் ஜானகிராமனுக்கு எழுபதாம் கல்யாணம். மண்டபத்தில் மாட்டுவதற்குப் பூவாயி தன்னுடைய பழைய கல்யாணப் படத்தைக் கொடுத்து, பெரிதாக்கித் தரச் சொல்லியிருந்தாள். மானசா அதை ஸ்கேன் செய்து பென் டிரைவில் வைத்திருந்தாள், லேப்டாப்பில் இன்னும் ஏற்றவில்லை.

“இன்னைக்கு முடிச்சிடறேன் அத்த.”

“இந்த வயசுல அது இன்னாத்துக்கு?” என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து ஜானகிராமன் முனகினார். “அப்ப கீற மூஞ்சியா இப்ப கீது? வாணாம்னா வுடேன்.”

“நீ சும்மா இரு. எனக்குப் பாக்கணும்.”

விஜயகுமாரி துணி காயப்போட வாசலுக்கு வந்தாள். எஃப்.சி.க்குக் காட்டியதாக அவன் சொன்ன வேன் வீட்டெதிரில் நின்றுகொண்டிருந்தது. தினமும் பார்க்கிற வேன்தான். இன்று அதன் பக்கவாட்டில் பெயின்டால் எழுதியிருந்ததைப் படித்தாள். எஃப்.சி. எதுவரை செல்லும் என்று ஒவ்வொரு வேனிலும் எழுதியிருப்பார்கள். புதிதாகக் காட்டி வந்தால் பழைய தேதியை அழித்துப் புதுத் தேதி எழுதுவார்கள்.

பழைய தேதி அப்படியே இருந்தது. மேலே அழுக்குக்கூடப் பழைய அழுக்குதான்.

பொய். முழுப் பொய். ஈரப் புடவையைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்து கேமராப் பையை மாட்டிக்கொண்டாள்.

“எங்க கெளம்பிட்ட?” தமிழ்வாணன் வழியில் வந்து நின்றான்.

“மாமல்லபுரம். இன்னும் ரெண்டு படம் எடுத்துட்டு வரேன்.”

“இந்த வெய்யில்லயா? இரு, நானும் வரேன்.”

இருபது வருஷத்துக்கு மேலாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வராதவன். இன்று தானாக வருகிறேன் என்கிறான்.

“நீங்க வேணாம்” என்று சொல்லி ஸ்கூட்டியைக் கிளப்பினாள். லேப்டாப்பை மூடாமல் போனாள். அது தப்பா சரியா என்பதைக் கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை அவளுக்கு அழுகை வரவில்லை. தாண்டியதும் வந்தது. ஹெல்மெட்டுக்குள் அழுவதில் ஒரு சௌகரியம், யாரும் ‘இன்னா டீச்சர்’ என்று கேட்க மாட்டார்கள். எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே சரியாகப் பிடிபடவில்லை. அவன் போய்விடுவான் என்ற பயமா? அதைவிட, இத்தனை வருஷமாக ஒரு முட்டாளாக வாழ்ந்திருக்கிறோம் என்ற அவமானமா? அவமானம்தான் கூட இருந்தது.

மாமல்லபுரம் கடற்கரையில் மாசி மகத்தன்று அவள் நின்ற அதே இடத்தில், மாங்காய்ப் பத்தை விற்கும் வேண்டா என்ற பெண் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். வேண்டாவைத் தேடித்தான் வந்தாள். மகத்தன்று இங்கே நாள் முழுக்க விற்றவள் அவள்.

லேப்டாப் திரையைச் செல்போனில் பிடித்து வைத்திருந்த படத்தைக் காட்டினாள். “இவரை இங்க பாத்திருக்கியாம்மா?”

வேண்டா படத்தைப் பார்க்கவில்லை, விஜயகுமாரியைப் பார்த்தாள். “இன்னாமா, போலீசா நீ?”

“இல்ல, டீச்சரு.”

“அப்ப சரி.” கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு செல்போனை வாங்கினாள். “இந்தாளா? நல்லாத் தெரியுமே. புதுப்பட்டினத்துக்காரரு. எப்பனா ஞாயித்துக்கெயமைல வருவாரு.”

“புதுப்பட்டினமா? செங்கல்பட்டு இல்லையா?”

“எனக்குத் தெர்ஞ்சி புதுப்பட்டினம்தான். அந்தக் கொயந்தையத் தூக்கிகினு வருவாரு. அன்னிக்குக் கூட, காது குத்துன வலி போல கீது, ஒரே அழுவை. ‘அப்பா, ஐஸு’ ‘அப்பா, ஐஸு’ன்னு தலைய அட்ச்சிகினு அழுவுது. பாவம், வாங்கிக் குட்த்தாரு.”

“அப்பான்னா கூப்பிட்டுச்சு?”

“பின்ன இன்னான்னு கூப்பிடும்?” வேண்டா சிரித்தாள். சிரித்தவள், எதிரில் நிற்பவளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள். ஒரு மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் வைத்து நீட்டினாள். “துன்னுமா. துட்டு வாணாம்.”

விஜயகுமாரி அதை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். புதுப்பட்டினம் இதே கடற்கரைச் சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் தெற்கே போனால் வந்துவிடும். போய்க் கதவைத் தட்டலாம். எந்தக் கதவு? தட்டினால் திறப்பவள் யாராக இருப்பாள்? அவளிடம் என்ன பேசுவது? ஸ்கூட்டியைத் தெற்கே திருப்பியவள், சிறிது நேரம் கழித்து வடக்கே திருப்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது தமிழ்வாணன் இல்லை. டீசல் போடப் போயிருப்பதாகப் பூவாயி சொன்னாள். பேப்பர் படித்தபடியே ஜானகிராமன் அசந்துபோயிருந்தார்.

திறந்து வைத்துவிட்டுப் போன லேப்டாப் மூடியிருந்தது. தொட்டுப் பார்த்தாள், சூடாக இருந்தது.

மூடியைத் தூக்கினாள். ஆரஞ்சு திறந்து கிடந்தது. அதில் மாசி மகப் படம்.

அதைப் பார்த்து விஜயகுமாரி முதலில் ஒன்றும் புரியாமல் விழித்தாள். முன்னால் அந்த வயதான பெண் இருந்தாள். பின்னால் கூட்டம் இருந்தது. கூட்டத்தின் ஓரத்தில் தமிழ்வாணன் இல்லை. அவன் நின்ற இடத்தில் கடல் இருந்தது. குழைத்துப் பூசியது போல் கலங்கலாக ஒரு கடல். அதற்கு மேலே, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு, இரண்டு கால்களையும் அந்தரத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்தது. யாருடைய தோளும் இல்லாமல்.

ஆரஞ்சில் ரப்பர் மாதிரி ஒன்று உண்டு. வேண்டாததன் மேல் தேய்த்தால் அழிந்துவிடும், அந்த இடத்தைப் பக்கத்தில் இருப்பதை வைத்து அதுவே நிரப்பிக்கொள்ளும். தேய்க்கத் தெரியாத கை தேய்த்திருக்கிறது. தேய்த்ததோடு சேமித்தும் வைத்திருக்கிறது. ஆரஞ்சு, சேமி என்றால் பழைய படத்தின் மேலேயே எழுதிவிடும். கோப்பைத் திறந்து பார்த்தாள். அங்கேயும் குழந்தை காற்றில்தான் மிதந்தது.

ஆரஞ்சையே வாங்கு, ஆரஞ்சையே வாங்கு என்று அவன் அடித்துக்கொண்டதற்கு இதுதான் அர்த்தமா?

அவளுக்கு உடம்பு முழுக்கக் கோபம் ஏறியது. அந்தக் கோபத்துக்கு நடுவிலும் ஒரு விஷயம் நெருஞ்சி முள்ளாகக் குத்தியது. அவன் தன்னை அழித்திருக்கிறான். குழந்தையை அழிக்கவில்லை. அதை அழிக்க மனசு வரவில்லை. அவ்வளவு பாசம்!

“அம்மா, அனுப்பிட்டியா படத்தை?”

கூடுவாஞ்சேரியில் தோழி ஷாரோன் வீட்டுக்குப் போயிருந்த மானசா திரும்பி வந்து பின்னால் நின்றாள். திரையைப் பார்த்ததும் களுக்கென்று சிரித்துவிட்டாள். “ஐயோ, இன்னாமா இது? பாப்பா பறக்குது!”

அம்மா திரும்பினாள். மானசாவின் சிரிப்பு நின்றது.

“அம்மா? எதுக்கு அழுவுற?”

“ஒரிஜினல் போச்சு மானசா. இனிமே அதைப் பாக்கவே முடியாது.”

“அதுக்கா? இரு.” மானசா நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்து நீலத்தைத் திறந்தாள். “நீலம் ஒரு ஃபோட்டோவ உள்ள வாங்கும்போதே தனக்குன்னு ஒரு காப்பி எடுத்து வெச்சிக்கும். நாம எவ்ளோ கிறுக்கினாலும் அதுக்கு ஒண்ணும் ஆவாது. தோ பாரு.”

கலங்கல் கடல் போய், தோள் திரும்பி வந்தது. குழந்தை மறுபடி அதன்மேல் உட்கார்ந்தது.

மானசா குனிந்து பார்த்தாள். “அப்பா மாதிரியே கீது? அப்பா எப்பமா அங்க வந்தாரு?”

“அதைத்தான் நானும் நேத்துலருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

“இல்லமா, இரு. தழும்பு எங்க?”

“அது எந்தப் படத்துலயும் விழறதில்ல. உன் பிறந்தநாள் படத்துலகூட இல்ல.”

மானசா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அது நான் பண்ண வேலைமா. இந்த நீலத்தைப் போட்ட அன்னிக்கு, எல்லா ஃபோட்டோவுக்கும் ஒட்டுக்கா ஸ்மூத் போட்டுட்டேன். உன் கண்ணுக்குக் கீழ கருப்பு தெரியுதுன்னு நீதானே சொல்லிகினு இருந்த? உனக்குன்னுதான் போட்டேன், எல்லாருக்கும் போயிருச்சு. இந்தப் பட்டனை அமுக்கினா எடுத்தது எடுத்தபடியே காட்டும்.”

அமுக்கினாள். பிறந்தநாள் படத்தில் விஜயகுமாரியின் கண்ணுக்குக் கீழே கருவளையம் வந்தது. பூவாயிக்குச் சுருக்கங்கள் வந்தன. தமிழ்வாணனின் தாடையில், வெள்ளையாக, கோணலாக, தழும்பு வந்து உட்கார்ந்தது. பெற்ற பிள்ளை ஆசையாக இஸ்திரி போட்டதில் ஒரு வீடே தன் அடையாளத்தை இழந்து கிடந்திருக்கிறது.

“இப்ப மகத்துப் படம்” என்றாள் விஜயகுமாரி.

மானசா அமுக்கினாள். கடலில் நின்றவனின் முகத்தில் தோல் சொரசொரப்பு வந்தது, மூக்கின் இரண்டு பக்கமும் சின்னப் பள்ளம் வந்தது. தாடை வழவழவென்றே இருந்தது. எவ்வளவு பெரிதாக்கினாலும் தழும்பு இல்லை.

“அப்பா இல்லமா இது” என்றாள் மானசா. “வேற யாரோ.”

விஜயகுமாரி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். வேறு பீரோ இல்லை, வேறு கை இல்லை. அந்தச் சட்டை அவள் வீட்டுச் சட்டையே இல்லை. எழுந்துபோய்ப் பூவாயிக்கு ஒரு காபி போட்டுத் தர வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள்.

அவன் இல்லையென்றால், யாரோ ஒருவனை அவன் ஏன் உட்கார்ந்து அழிக்க வேண்டும்? எஃப்.சி. என்று ஏன் பொய் சொல்ல வேண்டும்?

“எங்க ஃபோட்டோவ ஏத்துனியா?” கூடத்திலிருந்து பூவாயி மறுபடி குரல் கொடுத்தாள். “இல்ல, நானே ஸ்டூடியோவுக்குப் போவட்டா?”

“இதோ ஆயா, ஏத்தறேன்!” மானசா பென் டிரைவைச் செருகினாள். கல்யாணப் படம் உள்ளே இறங்கியது. கறை படிந்த, ஓரம் மடிந்த கறுப்பு வெள்ளைப் படம். மாலையும் கழுத்துமாக விறைத்து நிற்கும் ஜானகிராமன், பக்கத்தில் தலை குனிந்த பூவாயி. ஜானகிராமனை இவ்வளவு சின்ன வயதில் விஜயகுமாரி பார்த்ததில்லை. அந்தப் படம் இத்தனை நாள் பூவாயியின் டிரங்குப் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

நீலம் கொஞ்ச நேரம் யோசித்தது. புதிதாக எந்தப் படம் வந்தாலும் முகத்தைப் பொறுக்குவது அதன் பழக்கம். பிறகு இரண்டு வட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. ஒன்றில் மணமகன் ஜானகிராமன். இன்னொன்றில் கடலில் நின்றவன்.

‘இவரும் இவரும் ஒருவரா?’

அதே நெற்றி. அதே மூக்கு. ஒரு பக்கமாக லேசாக இழுத்துக்கொள்ளும் அதே உதடு. மானசா சிரிக்கவில்லை. விஜயகுமாரியின் விரல் பட்டன் மேல் தானாகப் போய் நின்றது.

“அமுக்காத விஜி.”

அறை வாசலில் தமிழ்வாணன் நின்றான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. உள்ளே வந்து கதவைச் சாத்தினான், அது முழுக்கச் சாத்திக்கொள்ளவில்லை.

“யாருங்க இது?”

“தம்பி.” கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டான். “அப்பாவுக்கு... இன்னொரு வூடு இருந்திருக்கு. எனக்கே போன வருசந்தான் தெரியும். ஆளு அவனே தேடிகினு வந்து ஸ்டாண்டுல நின்னான். பேரு பரணிதரன். புதுப்பட்டினத்துல கீறான். துட்டு காசு ஒண்ணும் கேக்கல விஜி. ‘கொயந்தைக்குக் காது குத்தப்போறேன், பெரியப்பான்னு ஒர்த்தர் வந்து நிக்கணும், வந்து நில்லுங்க’ன்னான். எப்டிப் போவாம இருக்கறது?”

“எஃப்.சி.ன்னு...”

“ஆமா, பொய்தான். காது குத்தற வரைக்கும் இருந்துட்டு வந்துட்டேன். அவங்க கடலுக்குப் போனாங்க. நீ அங்கயே நின்னு ஃபோட்டோ புடிப்பன்னு நான் கண்டனா? நேத்து ராத்திரி நீ தொறந்து வெச்சிருந்தப்பதான் பின்னால நின்னு பாத்தேன்.” குரலைத் தாழ்த்தினான். “அது கண்காட்சில மாட்டினா ஊரே வந்து பாக்கும். அம்மா பாக்கும். எழுபதாம் கல்யாணத்த வெச்சிகினு அம்மாவுக்கு இது தெர்ஞ்சா உசுரயே வுட்டுடும். அதான் அழிச்சேன். அவன அழிச்சிட்டேன். அந்தக் கொயந்த மேல தேய்க்கக் கை வரல.”

சற்றுமுன் முள்ளாகக் குத்தியதுதான். இப்போது வேறு இடத்தில் வலித்தது. அவள் அவனை அடிக்கவும் விரும்பினாள், கையைப் பிடித்துக்கொள்ளவும் விரும்பினாள். இரண்டையும் செய்யாமல் கேட்டாள்:

“என்கிட்ட ஏன் சொல்லல?”

அவன் பதில் சொல்வதற்குள் கதவு தள்ளிக்கொண்டு திறந்தது.

“இன்னா இங்க குசுகுசுன்னு? என் ஃபோட்டோவ வெச்சிகினு அம்மாம் பேரும் இன்னா பண்றீங்க? தள்ளு, பாக்கட்டும்.” பூவாயி மானசாவை நகர்த்திவிட்டுத் திரைக்கு முன்னால் குனிந்தாள்.

மானசா லேப்டாப்பை மூடக் கையை நீட்டினாள். பூவாயி அந்தக் கையை அப்படியே பிடித்து ஓரமாக வைத்தாள்.

“ஐய, என் மூஞ்சி எங்க? இவரு மட்டும் கீறாரு.” மணமகனின் வட்டத்தை ஆசையாக விரலால் தடவினாள். விரல் அடுத்த வட்டத்துக்கு நகர்ந்தது. அங்கே நின்றது.

தமிழ்வாணன், அம்மா விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஓர் அடி முன்னால் வந்தான்.

பூவாயி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். பிறகு, அடுத்த வீட்டுப் பிள்ளையைக் குறை சொல்வது போல் சொன்னாள்:

“இன்னாத்துக்குக் கண்ணாடியக் கழட்டிட்டு நிக்கிறான்? கண்ணாடி இல்லாங்காட்டி பரணிக்கு ஒண்ணும் தெரியாதே.”

கூடத்தில், ஜானகிராமன் கையில் படபடத்துக்கொண்டிருந்த பேப்பரின் சத்தம் சட்டென்று நின்றது.